சங்கக்கா எடுத்த வகுப்பு

சங்கக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஆலைச் சங்கு ஊதுகிற மாதிரி ஒரு குரல் அவளுக்கு. கட்டட வேலைக்குப் போன புதிதில் ஒரு கொத்தனார் கேலியாக ‘சங்கு’ என்று கூப்பிடப்போய் அதுவே ஒட்டிக்கொண்டது. வயது ஏற ஏறச் சங்கு, சங்கக்கா ஆனாள்.

அவள் பிறந்ததும் போட்ட முதல் அழுகையில் பக்கத்து அறை நர்ஸின் கையிலிருந்த தட்டு நழுவிக் கீழே விழுந்தது என்று அவள் அம்மா சொல்வாள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பாள். ஆனால் அவளிடம் யாரும் ரகசியம் சொன்னதில்லை என்பது மட்டும் நிஜம். ‘மெல்லப் பேசுடி, ஊரைக் கூட்டாதே’ என்று சொல்லிச் சொல்லி அம்மாவுக்குத்தான் தொண்டை கட்டிக்கொண்டது. ஒருநாள் சங்கக்கா துணி தைக்கக் கொடுக்கத் தையல்கடைக்குப் போனாள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அளவெடுத்துக்கொண்டிருந்த தையல்காரர், “கை நீளம் எவ்வளவு வேணும்?” என்று முணுமுணுத்தார். “முழங்கை வரைக்கும்!” என்றாள் அவள். மேசைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து தெருவுக்கு ஓடியது. தையல்காரர் சிரித்த சிரிப்பில் ஊசியெல்லாம் தரையில் சிதறியது. குனிந்து இருவரும் சேர்ந்து பொறுக்கினார்கள். மறுவருஷம் அவர்களுக்குக் கல்யாணம்.

கட்டட வேலையில் அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது. மேல்மாடிக்குக் கலவையும் செங்கல்லும் ஏற்றுகிற விஞ்ச் மிஷினை ஓட்டுகிறவர் கீழே ஒரு தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருப்பார். அவருக்கு மேலே நடப்பது தெரியாது. மேலே நிற்கிற கொத்தனாருக்குக் கீழே நடப்பது தெரியாது. நடுவில், இரண்டு பேரையும் பார்க்கிற தோதில் சங்கக்கா நிற்பாள். “ஏத்து! நிறுத்து! கொஞ்சம் எறக்கு!” கலவை மிஷின் கடகடவென்று சுற்றிக்கொண்டிருக்கும்போதும் அந்தக் குரல் எல்லாவற்றுக்கும் மேலே ஏறிக்கொண்டு போகும். ஒருமுறை வடம் நழுவி, பாரம் நிறைந்த தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் போட்ட ஒரே சத்தத்தில் கீழே நின்ற அத்தனை பேரும் யோசிக்காமல் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அன்றைக்கு விழுந்தது கலவை மட்டும்தான். சாயங்காலம் கொத்தனார்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவள் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அதைப் பெரிதாக நினைக்கவில்லை. கை இருக்கிறவன் பிடிக்கிறான், கால் இருக்கிறவன் நடக்கிறான், எனக்குத் தொண்டை இருக்கிறது, கத்தினேன் என்று இருந்துவிட்டாள்.

பிறகு முழங்கால் மக்கர் பண்ணியது. நாளெல்லாம் நிற்க முடியவில்லை. அப்போதுதான் தையல்காரர் ஒரு வேலையைப் பற்றிச் சொன்னார். அவர் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைத்துக்கொடுப்பார்.

“அங்க வேன்ல பிள்ளைங்களோட போய்வர ஒரு ஆள் வேணுமாம். போறியா?”

“என்ன ஸ்கூலு?”

“காது கேக்காத பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல்.”

சங்கக்கா ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்று. “என் தொண்டைக்கு ஏத்த இடமாத்தான் பாத்திருக்கீங்க” என்றாள். எதிர்வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது.

மயான அமைதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் முதல்நாள் போனாள். போய்ப் பார்த்தால் சந்தைக்கடை தோற்றது. நாற்காலியைத் தரையில் இழுத்தால் கிறீச்சிடும் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது, இழுத்தார்கள். ஒருவரை ஒருவர் கூப்பிட மேசையை ஓங்கித் தட்டினார்கள், தரையில் தொம்தொம் என்று மிதித்தார்கள். சிரித்தால் அடக்க ஆளில்லாமல் வாய்விட்டுச் சிரித்தார்கள். மணிக்குப் பதிலாகச் சுவரில் ஒரு பல்பு, அது மின்னி மின்னி அணைந்தால் வகுப்பு முடிந்தது என்று அர்த்தம். எல்லோரும் எல்லோருடைய கையையும் பார்க்கிற மாதிரி பெஞ்சுகளை வளைத்துப் போட்டிருந்தார்கள்.

அந்த இரைச்சலுக்கு நடுவில் அவள் குரல் மட்டும் எதற்கும் ஆகாமல் போனது. படியில் தலைதெறிக்க ஓடுகிற பையனைப் பார்த்து, “டேய், நில்லுடா!” என்று கட்டடமே அதிரக் கத்தினாள். அவன் பாட்டுக்கு ஓடினான். வாழ்நாளில் முதல்முறையாக அவள் சொல்லை ஒருவன் கேட்கவில்லை. அவன் கீழே போய்ச் சேர்ந்து, திரும்பிப் பார்த்து, அவளுக்குக் கையாட்டினான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கையால் பேசக் கற்றுக்கொண்டாள். சின்ன வகுப்பு டீச்சர்தான் கற்றுக்கொடுத்தாள். டீச்சருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. தங்கை வயதுப் பெண். பொறுமை என்றால் அப்படியொரு பொறுமை. இரண்டு வருஷத்தில் சங்கக்காவின் கை நன்றாகவே பேச ஆரம்பித்தது. ஆக, இனிமேல் டீச்சரோ பிள்ளைகளோ சொன்னதாக வருவதெல்லாம் கையால் சொன்னதுதான். வீட்டிலும் அவள் வாய் குறைந்து கை கூடியது. உப்பு வேண்டும் என்றால் கையைக் காட்டினாள். தையல்காரர் பயந்துபோய், “உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

பள்ளியில் யாரையும் எழுத்துக்கூட்டிப் பெயர் சொல்வதில்லை. ஆளுக்கொரு அடையாளம்தான். கன்னத்தில் விரலால் குத்திக் காட்டினால் கன்னக்குழி. முன்பல்லைத் தொட்டால் ஓட்டைப்பல்லு. தலைக்கு மேலே விரலைச் சுழற்றினால் சுருட்டை. சின்ன வகுப்பில் ஏழெட்டுப் பேர். இந்த மூன்று பேரும்தான் வேனில் அவளுக்குப் பக்கத்து இடத்துக்கு அடித்துக்கொள்வார்கள்.

ஒருநாள் காலையில் வேன் ஒரு சந்துமுனையைத் தாண்டும்போது, ஒரு தண்ணீர் லாரி பின்னாலேயே வந்து வேனின் பக்கவாட்டுக் கண்ணாடியை உரசிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேன் டிரைவர் கதவைத் திறந்துகொண்டு குதித்தார். லாரிக்காரரும் குதித்தார்.

“கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?”

“ஹாரன் அடிச்சேன்ல! காதுல என்ன பஞ்சா?”

இரண்டு பேரும் மூக்கும் மூக்கும் உரச நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினார்கள். கண்ணாடி என்னவோ உடையக்கூட இல்லை. பிள்ளைகள் எல்லோரும் ஜன்னலில் முகத்தை அப்பிக்கொண்டு கண்கொட்டாமல் பார்த்தார்கள். கன்னக்குழி சங்கக்காவின் தோளைத் தட்டினாள்.

“அவங்களுக்கு என்ன ஆச்சு? வாய் இவ்ளோ பெருசு. கழுத்துல கயிறு கயிறா வருது. முகம் செவப்பு. உடம்பு சரியில்லையா?”

“வாந்தி வருது” என்றான் சுருட்டை, தெரிந்தவன் மாதிரி.

ஓட்டைப்பல்லு தலையை ஆட்டி மறுத்தாள். “கடிக்கப் போறாங்க.”

சங்கக்கா சிரித்துவிட்டாள். ‘கத்துறாங்க’ என்பதற்கு ஒரு சைகை உண்டு. வாயிலிருந்து ஏதோ வெளியே பீறிட்டுப் போவதுபோல் கையை வீசவேண்டும். வீசிக் காட்டினாள். மூன்று பேரும் லாரிக்காரரின் வாயைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஒண்ணும் வெளிய வரலையே” என்றாள் கன்னக்குழி.

சங்கக்கா வாழ்க்கை முழுக்கச் செய்த வேலை. அது என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பள்ளிக்கு வந்ததும் டீச்சரிடம் சொன்னாள், ஒரு தமாஷ் போல. டீச்சர் சிரிக்கவில்லை.

“நானும் அதைப் புத்தகத்துல படிச்சதுதான். காத்து அதிருது, அலை மாதிரி போகுதுன்னு. ஆனா அதைச் செய்றப்ப எப்படி இருக்கும், எதுக்குச் செய்றாங்கன்னு நல்லாக் கத்தத் தெரிஞ்சவங்கதானே சொல்லணும்? நாளைக்கு நீங்க வகுப்பு எடுங்க.”

“நானா?”

“உங்களைவிட நல்லாக் கத்துறவங்க இருக்காங்களா?”

சாயங்காலம் சங்கக்கா தையல் மிஷினுக்கு முன்னால் போய் நின்றாள். “ஏங்க, நாளைக்கு நான் வகுப்புல சொல்லணுமாம், எதுக்குங்க ஆளுங்க கத்துறாங்க?”

“கோபம் வந்தா கத்துறாங்க” என்றார் அவர், தையலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“வேலைக்குப் போன அத்தனை வருஷமும் நான் கத்தினேன். யார் மேலயும் ஒரு பொட்டுக் கோபம் கெடையாதே.”

“அப்ப, தூரமா இருந்தா கத்துறாங்க.”

“இன்னிக்கு அந்த லாரிக்காரரும் நம்ம டிரைவரும் முத்தம் கொடுக்குற தூரத்துலதான் நின்னாங்க.”

தையல்காரர் மிதிப்பதை நிறுத்தினார். மிஷின் சக்கரம் இரண்டு சுற்றுத் தானாகச் சுற்றி நின்றது. கையிலிருந்த துணியை மடியில் வைத்து நீவிக்கொண்டே சொன்னார்.

“எங்கப்பா கத்துவாரு. சோறு ஆறிப்போனா கத்துவாரு, சூடா இருந்தா கத்துவாரு. எதுக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவரு வாயத் தொறந்தா நான் அப்படியே சுருங்கி, கட்டிலுக்கு அடியில போற அளவு ஆயிடுவேன். அதான் நான் இப்படி மெல்லப் பேசுறது.” துணியை மறுபடியும் ஊசிக்குக் கீழே தள்ளினார். “அதையும் சொல்லு. விட்டுடாத.”

இத்தனை வருஷத்தில் அவர் இதைச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. நாயை ஓட்டிய குரலைக் கேட்டுச் சிரித்தாரே இந்த மனுஷன், எப்படிச் சிரித்தார் என்று முதல்முறையாக அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் ஒரு பை நிறைய பலூன் வாங்கிக்கொண்டு போனாள். அது டீச்சரின் யோசனை. ஆளுக்கொரு பலூனை ஊதி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு வளைந்த பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். சங்கக்கா ஒவ்வொரு பலூனுக்கும் பக்கத்தில் போய் முதலில் மெல்லப் பேசினாள். பிள்ளைகள் தலையைச் சாய்த்து, கையால் உற்றுக் கேட்டார்கள். லேசாகக் கூசுகிறது என்றான் சுருட்டை. பிறகு அவள் நடுவில் நின்றுகொண்டு, இரண்டு வருஷமாக மடித்து வைத்திருந்த குரலை வெளியே எடுத்தாள்.

“நிறுத்து!”

ஜன்னல் கண்ணாடி ரீங்கரித்தது. ஒரே நேரத்தில் எல்லாப் பலூனும் பிள்ளைகளின் கைக்குள் துள்ளின. கன்னக்குழி பலூனை விட்டுவிட்டுத் தன் உள்ளங்கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஓட்டைப்பல்லு எழுந்து வந்து சங்கக்காவின் நெஞ்சில் கையை வைத்து, ‘இன்னொரு தடவை’ என்றாள். அவள் கத்தினாள். எல்லோரும் வந்து அப்பிக்கொண்டார்கள். முதுகில் ஒரு கை, தொண்டையில் ஒரு கை, விலாவில் ஒரு கை. “உள்ள மிஷின் ஓடுது” என்றான் சுருட்டை, பயபக்தியோடு.

அப்போதுதான் அது நடந்தது. வாசல் கேட்டில் இருந்த வாட்ச்மேன் மூச்சிரைக்க ஓடி வந்து வகுப்புக் கதவைத் தள்ளினார். கையில் தடி, காலில் ஒரு செருப்பு.

“என்னக்கா ஆச்சு? யாரு? எங்க?”

“ஒண்ணுமில்லப்பா. பாடம் நடத்துறேன்.”

“பாடமா? எனக்கு உசுரே போயிடுச்சுக்கா!”

அவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார். ஆனால் பிள்ளைகள் அவரைப் பார்த்தபடியே சிலையாக நின்றார்கள். கன்னக்குழிதான் முதலில் கேட்டாள்.

“அவரு ஏன் வந்தாரு?”

“நான் கத்தினேன்ல. அதனால வந்தாரு.”

“உங்களைப் பாத்தாரா?”

“இல்ல.”

“நீங்க அவரைப் பாத்தீங்களா?”

“இல்ல.”

“நடுவுல சுவரு இருக்கு” என்றாள் கன்னக்குழி. சுவரைத் தட்டிக் காட்டினாள். அது திடமான சுவர்தான். “கதவு சாத்தியிருந்துச்சு. நீங்க இங்கயே நின்னீங்க. யாரும் போய்க் கூப்பிடல. விளக்கும் போடல. அவரு வந்தாரு!”

கேட்கிறவர்கள் எதற்கெதற்கோ திரும்பிப் பார்ப்பதை இந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்த்துத்தான் இருக்கிறார்கள். அது கேட்கிறவர்களின் பழக்கம், சும்மா அடிக்கடி தலையைத் திருப்புவார்கள், அவ்வளவுதான் என்று இருந்திருக்கிறார்கள். இங்கிருந்து கிளம்பிப் போன ஏதோ ஒன்று அங்கே ஒரு மனுஷனைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்ததை இன்றைக்குத்தான் கண்ணால் கண்டார்கள். நம்பமுடியவில்லை. சோதித்துப் பார்க்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

டீச்சரும் விடவில்லை. எல்லோரும் மைதானத்துக்கு இறங்கினார்கள். பாவம், வாட்ச்மேன், அவரைக் கேட்டுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நிற்க வைத்தார்கள். சங்கக்கா மைதானத்தின் மறுகோடியில் நின்றாள். பாதிப் பிள்ளைகள் அவளோடு, பாதிப் பேர் வாட்ச்மேனோடு. இந்தக் கோடியில் அவள் வாய் திறந்தது. அந்தக் கோடியில் அவர் தலை திரும்பியது. நடுவில் புல், வெயில், ஒரு சறுக்குமரம். வேறு எதுவும் இல்லை. சுருட்டை அவளுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கடந்துபோகிறதைப் பிடிக்கப் பார்த்தான். பிடிபடவில்லை. மறுபடியும் அவள் கத்தினாள். மறுபடியும் அவர் திரும்பினார். பிறகு அவள் கட்டடத்துக்குப் பின்னால் போய் மறைந்து நின்று கத்தினாள். அப்போதும் திரும்பினார்.

“மூலையில வளைஞ்சு வருது!” என்று கன்னக்குழி டீச்சரிடம் ஓடினாள். “வெளிச்சம்கூட வளையாது!”

சங்கக்காவுக்கு மெய்சிலிர்த்தது. சுவரைத் தாண்டுகிறது, மூலையில் வளைகிறது, முதுகுக்குப் பின்னாலிருந்து ஒருவனைத் தொடுகிறது. இதையா நான் இத்தனை வருஷம் கலவைச்சட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது.

வகுப்புக்குத் திரும்பி எதற்குக் கத்துகிறார்கள் என்பதைச் சொன்னாள். சொன்னாள் என்பதைவிட நடித்தாள் என்பதே சரி. ஆள் தூரமாக இருந்தால். தலைமேல் ஏதாவது விழப்போகிறது என்றால். விரலில் கதவு நசுங்கினால். விளையாட்டில் ஜெயித்தால். எலியைக் கண்டால். எலியைப் பார்த்துக் கத்துகிறவளாக அவள் பெஞ்சின்மேல் ஏறியபோது பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். கோபம் வந்தாலும் கத்துவார்கள் என்று லாரிக்காரரை நடித்துக் காட்டினாள்.

ஓட்டைப்பல்லு மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். கையைத் தூக்கினாள்.

“எங்கப்பா அம்மாகிட்ட அப்படித்தான் வாயைத் தொறப்பாரு. அம்மா பக்கத்துலதான் நிப்பாங்க. எலியும் இல்ல.”

டீச்சரின் கண் சங்கக்காவின் பக்கம் திரும்பியது. சங்கக்கா தையல்காரரை நினைத்துக்கொண்டாள். ஓட்டைப்பல்லுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள், முழங்கால் வலித்தது.

“அதுவும் கத்துறதுதான். சில பெரியவங்க, முன்னாடி நிக்கிறவங்களைச் சின்னதா ஆக்குறதுக்குக் கத்துவாங்க. அது நல்ல கத்தல் இல்ல. தப்பு. எங்க வீட்டுக்காரர் சின்னப் பையனா இருந்தப்ப அவங்கப்பா அப்படிக் கத்துவாராம். இவரு பயந்துடுவாராம். ஆனா அது இவரு செஞ்ச தப்பால இல்ல. உன்னாலயும் இல்ல.”

ஓட்டைப்பல்லு யோசித்தாள். பலூனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள், கீழே வைத்தாள்.

“அப்ப அது லாரி இல்லையா?”

“எது?”

“படுத்திருப்பேன்ல. கட்டில் பலகை நடுங்கும். தெருவுல லாரி போகுதுன்னு நெனச்சேன். கைய வெச்சுப் பாப்பேன். இப்ப உங்க நெஞ்சுல இருந்துச்சே, அதே மாதிரி.” அவள் முகத்தில் அழுகை இல்லை. பெரிய கணக்கு ஒன்றைப் போட்டு முடித்தவளின் திகைப்புத்தான் இருந்தது. “அது அப்பா.”

கேட்காது என்று எல்லோரும் எழுதிவைத்துவிட்ட பிள்ளை, இருட்டில் பலகைமேல் உள்ளங்கையை வைத்து ஒரு வீட்டின் சண்டையைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறது.

அன்று மதியம் ஓட்டைப்பல்லை இறக்கிவிடும்போது அவளுடைய அப்பா வாசலில் நின்றிருந்தார். ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர். விடியுமுன் போய் மதியம் வந்துவிடுவார். முழங்கையில் அப்போதும் மாவு காய்ந்திருந்தது. சங்கக்கா வேனை நிற்கச் சொல்லிவிட்டு இறங்கினாள். என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோனது.

“உங்க பொண்ணுக்கு எல்லாம் தெரியுதுங்க” என்றாள்.

“என்னக்கா தெரியுது?”

“வீட்ல நீங்க சத்தம் போடறது.”

அவர் சிரித்தார். “அவளுக்கு எங்கக்கா கேக்குது? கேட்டா நாங்க அவ எதிர்ல...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். தான் சொல்லவந்தது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

“காதால கேக்கல. கட்டில் பலகையில கை வெச்சுக் கேக்குறா. லாரி போகுதுன்னு நெனச்சிட்டிருந்தாளாம். இன்னிக்குத்தான் அது நீங்கன்னு கண்டுபிடிச்சா.”

அவர் மகளைப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், வாயை. பிறகு கிட்டே வந்து, வகுப்பில் செய்த மாதிரியே தன் சின்ன உள்ளங்கையை எக்கி அவர் நெஞ்சில் பதித்துக் காத்திருந்தாள்.

“என்ன பண்றா?” என்றார் அவர், பயந்தவர் மாதிரி.

“நீங்க ஏதாச்சும் சொல்லுங்க. அதுக்குத்தான் நிக்கிறா.”

அவர் குனிந்து மகளின் கையைப் பார்த்தார். வாய் இரண்டு முறை திறந்து மூடியது. “அம்மாடி” என்றார் கடைசியில். குரல் வெளியே வரவேயில்லை, நெஞ்சுக்குள்ளேயே உருண்டது. “அம்மாடி, கண்ணு...”

ஓட்டைப்பல்லின் கண்கள் விரிந்தன. மற்றக் கையால் சங்கக்காவிடம் சொன்னாள்.

“என்ன சொல்றா?” என்றார் அப்பா.

“லாரி இல்லையாம். பூனையாம்” என்றாள் சங்கக்கா. “பூனை மடியில படுத்துக்கிட்டு குர்ர்னு அதிருமே, அந்த மாதிரி இருக்காம்.”

அவர் முகத்தை மாவுக் கையால் மூடிக்கொண்டார். வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். யாரும் திரும்பவில்லை.

அன்றோடு அந்த வீட்டில் சத்தம் அடங்கிவிட்டது என்று சொன்னால் அது கதைவிடுவது. பெற்றவர்களுக்கென்று சனிக்கிழமைகளில் பள்ளியில் சைகை கற்றுக்கொடுப்பார்கள்; அவர் சில வாரம் வந்தார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தடித்த விரல்களை மடக்க முடியாமல் மடக்கினார், பிறகு நின்றுவிட்டார். அவருக்குப் பதிலாக அம்மா வர ஆரம்பித்தாள், நிற்காமல் வந்தாள். “இப்பல்லாம் லாரி கொஞ்சமாத்தான் வருது” என்று ஓட்டைப்பல்லு ஒருநாள் வேனில் செய்தி சொன்னாள். “பூனை தினமும் வருது.”

டீச்சர் மட்டும் அந்த வகுப்புக்குப் பிறகு ஏதோ நினைப்பாகவே இருந்தாள். ஒரு சாயங்காலம், பிள்ளைகள் வண்ணம் தீட்டிய காகிதங்களை மொட்டைமாடியில் காயப்போட்டிருந்ததை எடுக்க இருவரும் மேலே போனார்கள். சங்கக்கா காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் அவள் தோளைத் தொட்டாள்.

“என்னோடது போகுமா?”

“எது?”

டீச்சர் தன் தொண்டையைக் காட்டினாள். “சின்ன வயசுல ஒருநாள் பஸ்ஸுல அம்மாவைக் கூப்பிட்டேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. சித்தி என் வாயைப் பொத்துனாங்க. அசிங்கமா இருக்கு, வாயைத் தொறக்காதேன்னு வீட்ல எழுதிக் காட்டினாங்க. அப்புறம் நான் தொறக்கல. அது அங்க இருக்கா போயிடுச்சான்னே எனக்குத் தெரியாது.”

சங்கக்கா காகிதங்களைக் கீழே வைத்து, பறக்காமலிருக்க அவற்றின்மேல் தன் செருப்பை வைத்தாள். டீச்சரின் கையை எடுத்துத் தன் அடிவயிற்றில் வைத்து, ஒருமுறை மெல்லக் குரலெழுப்பிக் காட்டினாள். “தொண்டையிலேர்ந்து இல்ல, இங்கேர்ந்து” என்றாள்.

டீச்சர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மொட்டைமாடி. அங்கே முன்பின் தெரியாத ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். டீச்சர் வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. திரும்பிச் சங்கக்காவைப் பார்த்தாள். சங்கக்கா தலையை ஆட்டினாள், இன்னொரு தடவை.

இரண்டாவது தடவை வந்தது. அது எந்தச் சொல்லும் இல்லை. பாதி மூச்சு, பாதிக் குரல். கரகரத்து, நடுவில் உடைந்து, எங்கோ போய் ஏறி நின்றது. யாரும் பழக்காத, யாரும் திருத்தாத குரல். சங்கக்கா தன் வாழ்நாளில் எத்தனையோ பேரின் கத்தலைக் கேட்டிருக்கிறாள், இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் படபடவென்று எழும்பின.

எதிர்மாடியில் அந்தப் பெண் திரும்பினாள்.

டீச்சர் சங்கக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. அந்தப் பெண் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, வாய்க்கு இரண்டு பக்கமும் கையைக் குவித்தாள்.

“என்னம்மா? என்ன வேணும்?”

“என்ன சொல்றாங்க? எங்கிட்டயா சொல்றாங்க?” என்றாள் டீச்சர், பிடியை விட்டு.

“உங்ககிட்டதான். என்ன வேணும்னு கேக்குறாங்க.”

கேட்பதற்கு டீச்சரிடம் ஒன்றும் இல்லை. “ஒண்ணும் வேணாம்னு சொல்லுங்க” என்றாள் அவசரமாக.

சங்கக்கா மூச்சை இழுத்து, “ஒண்ணும் வேணாம்மா! சும்மாதான் கூப்பிட்டோம்!” என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். அந்தப் பெண் ஒரு கணம் நின்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஈரத்துணியை எடுத்துக் கொடி மாதிரி அவர்களுக்கு ஆட்டிவிட்டு மறுபடியும் உலர்த்தப் போனாள்.

டீச்சர் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிக் கீழே பார்த்தாள். தெருவில் இரண்டு பக்கமும் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு மரத்தின் உச்சி அவர்களுக்குக் கீழே அசைந்தது. அவள் இந்த மாடியைப் பார்த்தாள், அந்த மாடியைப் பார்த்தாள்.

“இவ்ளோ தூரமா?” என்று கேட்டாள்.

“இவ்ளோ தூரம்” என்றாள் சங்கக்கா. அவளும் இப்போதுதான் அதை எட்டிப் பார்த்தாள்.